மணி அடிச்சவன் சொல்லுதேன், எச்.எம். அய்யா

ஏ மருமவனே, ஒனக்கு எச்.எம். புரமோஷன் வந்திருக்குன்னு ஒங்கம்மா நேத்து ராத்திரி போன்ல சொன்னா. சொல்லும்போதே அழுதா, சந்தோசத்துல. அதுவும் நான் முப்பத்திமூணு வருஷம் பியூனா இருந்து மணி அடிச்ச அதே பள்ளிக்கூடத்துக்கே போஸ்டிங்குன்னதும் எனக்கும் கண்ணு கலங்கிட்டு. ஆனா நான் கலங்குனது வேற காரணத்துக்கு. அந்த எச்.எம். ரூம்புல கெடக்க நாற்காலிய எனக்குத் தெரியும். பதினோரு எச்.எம்.முக்கு அதைத் தொடச்சிப் போட்டவன் நான். நல்லா நடமாடிக்கிட்டு வந்தவுகள எல்லாம் அது உக்கார வச்சே முழுங்கிட்டு.

மாமன் ரெண்டு யோசனை சொல்லுதேன். கேட்டா கேளு, கேக்காட்டா போ. நீ எம்.எஸ்ஸி., பி.எட்.; நான் ஏழாப்பு.

மொத யோசனை. ரூம்ப விட்டு வெளிய வந்துராத. வெளிய வந்தா வராந்தா. வராந்தாவுல நடந்தா வகுப்பு. வகுப்பப் பாத்துட்டா உள்ள என்ன நடக்குன்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சிட்டா ஏதாச்சும் செய்யணும். எதுக்கு வம்பு? உள்ளயே இரு. கையெழுத்துப் போட ஆயிரம் கெடக்கு. வெள்ளிக்கெழம மத்தியானம் பாடக்குறிப்பு நோட்டு இருபத்திரெண்டும் ஒண்ணா வரும். தெறந்து படிச்சித் தொலைக்காத. போடவேண்டிய பக்கத்த ஓரம் மடக்கித்தான் தருவாவ. பச்சை மையில ஒரு சுழிப்பு, அம்புட்டுதான். எட்டாவது எச்.எம். இருபத்திரெண்டையும் டீ ஆறதுக்குள்ள முடிப்பாவ. நான் பக்கத்துல நின்னு நோட்டத் தள்ளித் தள்ளிக் குடுக்கணும். கடையில பரோட்டா போட்டுக் குடுக்கவன் மாதிரி.

ஏன் இவ்வளவு பதறிச் சொல்லுதேன்னா, காலம் கெட்டுக் கெடக்கு. ஒம் மச்சினன் மவ எம்.எட். படிக்கால்லா, எம் பேத்தி, அவ சாயங்காலம் திண்ணையில ஒக்காந்து போனப் பாத்து வாசிச்சிக் காட்டுதா. நிக்கோலஸ் புளூம், ஜான் வான் ரீனன்னு பொருளாதாரக்காரவுக ரெண்டு பேரு, கூட ரெனாட்டா லெமோஸ், ரஃபயெல்லா சாதுன்னு ரெண்டு அம்மாமாரு. இவுக நாலு பேரும் ஆள வச்சி எட்டு நாட்டுல 1,800-க்கு மேல பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு எச்.எம்.மாருகிட்டப் பேச விட்டிருக்காவ. 2015-ல அச்சுல வந்திருக்கு. ஒரு புள்ள பின்தங்குனா ஒமக்கு எப்படித் தெரியும், தெரிஞ்ச பெறகு என்ன செய்வீரு, நல்ல வாத்தியார எப்படித் தக்க வைப்பீருன்னு இருவது சங்கதி. கதை கேக்க மாதிரியே கேக்கது. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க்கு. இதுல கள்ளத்தனம் என்னன்னா, தனக்கு மார்க்கு விழுதுங்கது பேசுத எச்.எம்.முக்குத் தெரியாது! ஊரு ஒலகத்துக்கெல்லாம் மார்க்குப் போடுத மனுசனுக்கே ரகசியமா மார்க்குப் போட்டுட்டான் பாரு. அதைக் கேட்ட அன்னைக்கி எனக்குச் சாப்பாடு நல்லா எறங்குச்சி.

அந்த மார்க்குல பிரிட்டன், ஸ்வீடன், கனடா, அமெரிக்கா முன்னால. கொஞ்சம் பின்னால ஜெர்மனி. அப்புறம் ஒரு எடைவெளி விட்டு இத்தாலி, பிரேசில். கடைசில யாருன்னு நீ கேக்கமாட்ட. மரியாதைக்கி நானும் சொல்லல. ஆனா மார்க்கு கூடுன பள்ளிக்கூடத்துல புள்ளைக தேர்ச்சியும் கூடிருக்கு, அதத்தான் பேத்தி ரெண்டு தடவ வாசிச்சா. அரசாங்கம் காசு குடுத்து, நடத்துத பொறுப்ப அங்கயே விட்டு, 'என்ன ஆச்சி'ன்னு கேக்கதுக்கு வெளிய ஒரு சபையும் வச்ச பள்ளிக்கூடம், சாதா அரசுப் பள்ளிக்கூடத்தையும் தாண்டிருக்கு, தனியாரையும் தாண்டிருக்கு. ஃபீஸ் கட்டிட்டாப் போதும்னு நெனைக்க ஒன் பெரிய மாமனுக்கு இத வாசிச்சிக் காட்டணும்.

கடைசில வாரது நமக்குப் புதுசா என்ன? பீசான்னு ஒரு பரீட்ச இருக்குல்லா, பதினஞ்சு வயசுப் புள்ளைகளுக்கு. 2009 சுத்துல நாமளும் போனோம். இந்தியாவுலேருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும். 74 எடத்துல கணக்குலயும் வாசிப்புலயும் நமக்குக் கீழ இருந்தது இமாச்சலமும் கிர்கிஸ்தானும் மட்டும். கணக்குல ஷாங்காய்க்கு 600, நமக்கு 351. டெல்லிக்காரவுக என்ன சொன்னாவ தெரியுமா? கேள்வியெல்லாம் நம்ம ஊரு பழக்கத்துக்கு ஒத்து வரலன்னு. அதுக்கப்புறம் 2012, 2015, 2018, 2022 ஒண்ணுக்கும் போவல. பந்தியில எல கடைசியாக் கெடச்சதுன்னு கல்யாண வீட்டுக்கே போவாம இருக்கவுகள எனக்குத் தெரியும். நல்ல மானஸ்தர்தான். பசிதான் போவாது.

சரி, அது போவட்டும். மேலேருந்து ஒரு திட்டம் வருமே, பள்ளி மேம்பாடு, தரமதிப்பீடுன்னு, அது வந்தா நீ பயப்படவே வேண்டாம். மத்தியப் பிரதேசத்துக்காரன் ஒனக்கு வழி காட்டிருக்கான். அங்க ஒலகத்துல உள்ள நல்ல முறையெல்லாம் கொண்டுவந்து பள்ளிக்கூடத்த மதிப்பிட்டாவ, தரம் போட்டாவ, ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் அளவெடுத்துத் தச்ச மாதிரி மேம்பாட்டுத் திட்டம் எழுதுனாவ. கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும், திட்டம் நடத்தக் குலுக்கல்ல எடுத்த 1,774 பள்ளிக்கூடத்துல வச்சி அளந்து பாத்தாவ. மதிப்பீடு அநேகமா எல்லா இடத்துலயும் முடிஞ்சிருக்கு. போட்ட தரமும் பொய்யில்ல. நல்ல பள்ளிக்கூடம் நல்லதுன்னும் மோசமானது மோசம்னும் சரியாத்தான் வந்திருக்கு. புள்ளைக படிப்புல மட்டும் ஒரு மாத்தமும் இல்ல. வாத்தியார் வேலையிலயும் இல்ல. கூடுனது என்னன்னா, எழுதி அனுப்ப வேண்டிய தாளு.

இதுல உச்சம் எது தெரியுமா? திட்டம் பெரிய வெற்றின்னு சொல்லி நாடு பூரா 6 லட்சத்துக்கு மேல பள்ளிக்கூடத்துக்குப் பரப்பிட்டாவ! மாட்டுக்கு வெயிட் போடணும்னு புதுசாத் தராசு வாங்கி, தெனமும் நிறுத்து, நோட்டுல எழுதி, புல்லுப் போட மறந்துட்டாவன்னு வச்சிக்க. அடுத்த வருஷம் ஊருக்கே தராசு. நான் சிரிச்சேன், பேத்தி சிரிக்கல. 'தாத்தா, அந்தப் படிவத்த நிரப்பப்போறவ நான்தான்'ங்கா.

இத எழுதும்போது ஆய்வு நாளு ஞாபகம் வருது. எங்க பள்ளிக்கூடத்துல இதயப் படம் ஒண்ணு உண்டு, சார்ட்டு. பீரோவுல அந்துருண்டையோட கெடக்கும். அதிகாரி வாராவன்னா எடுத்து மாட்டதும், போனா சுருட்டி வைக்கதும் என் வேலை. எட்டாப்புல ஒரு ஆய்வு முடிஞ்சி அதிகாரி ஒம்பதாப்புக்குத் திரும்புததுக்குள்ள பின்பக்கமா ஓடி அங்கயும் அதே இதயத்த மாட்டிருக்கேன். 'எல்லா வகுப்புலயும் கற்பித்தல் உபகரணம் உள்ளது'ன்னு ரிப்போர்ட்டு. ஒரே இதயம், ஆறு வகுப்பு. அந்த ஓட்டத்துல எனக்குத்தான் இதயம் வேலை செஞ்சிது.

அப்ப ஆய்வையே எடுத்துட்டா? எடுத்த ஊரு இருக்கு. பின்லாந்துல 1990-கள்லயே அதிகாரி வந்து பாக்க பழக்கத்தத் தூக்கிட்டாவ. ஆனா அதுக்கு முன்னாடியே, 1970-கள் கடைசிலேருந்தே, வாத்தியாரு ஆவணும்னா முதுகலை படிக்கணும்னு வச்சிட்டாவ. தூண ஊனிட்டுத்தான் சாரத்தப் பிரிச்சிருக்கான். நாம சாரத்தப் பிரிக்க செய்தி மட்டும் கேட்டுக் கைதட்டுனோம். அதுக்காவ அந்த ஊரையே கும்புடவும் வேண்டாம்: 2006-ல கணக்குக்கு 548 வாங்குனவன் 2022-ல 484-க்கு வந்துட்டான்.

கொஞ்சம் வேகமாப் போவணும்னு ஒனக்கு ஆசை இருந்தா அமெரிக்காவுல அட்லாண்டா ஒனக்குத் தோது. மார்க்கு ஏறணும், ஏறலன்னா எச்.எம். வேலை போவும், ஏறுனா ஊக்கத்தொகை. ஏறுச்சி. தலைமை அம்மாவுக்கு 2009-ல நாட்டுலயே சிறந்த கல்வி அதிகாரின்னு விருது. 2011-ல விசாரண வச்சாவ: 44 பள்ளிக்கூடத்துல 178 வாத்தியாரும் எச்.எம்.மும் விடைத்தாள்ல கை வச்சிருக்காவ. புள்ளைக தப்பா எழுதுன விடைய ரப்பர் வச்சி அழிச்சி, சரியானத எழுதிருக்காவ. 2015-ல 11 பேருக்குக் குற்றம் உறுதியாச்சி. நம்ம பக்கம் ரப்பர் எதுக்கு? ஒம்பதாப்புலயே 'ஒங்க பையன் இங்கன இருந்தா தேறமாட்டான்'னு டி.சி.யக் கையில குடுத்து அனுப்பிட்டாப் பத்தாப்பு ரிசல்ட்டு தானா நூறு. அழிக்கது தாளுலன்னாத்தான் கேஸு. வருகைப் பதிவேட்டுல ஆளையே அழிச்சா அது சாதனை, வாசல்ல பேனர்.

இப்போ நான் ஒனக்குச் சொல்லக்கூடாத ஒண்ணச் சொல்லப்போறேன். ஏழாவது எச்.எம். கதை. சொன்னா நீ கெட்டுப் போயிருவியோன்னு பயமாத்தான் இருக்கு.

அவுகளுக்கு நாற்காலி பிடிக்காது. ரெண்டாவது பீரியடு மணி அடிச்சதும் வெளிய எறங்கிருவாவ. ஆறாப்பு பி-யில கெழக்க ஒரு ஜன்னல். அதுக்கு வெளிய நின்னுக்கிட்டே இருப்பாவ. ஒருநாள் நானும் தண்ணிச் செம்போட பின்னால நிக்கேன். உள்ள கணக்கு டீச்சர் ஒரு பொட்டப்புள்ளயப் போர்டுக்குக் கூப்பிட்டாவ. அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டணும். அந்தப் புள்ள மேல உள்ளதையும் கூட்டி, கீழ உள்ளதையும் கூட்டி, அஞ்சுல ரெண்டுன்னு எழுதிட்டு. டீச்சர் டஸ்டர எடுத்து ஒரே இழுப்பு. அழிச்சிட்டு ஆறுல அஞ்சுன்னு எழுதி, 'எல்லாரும் எழுதிக்கோங்க'ன்னாவ. முடிஞ்சிது பாடம்.

மணி அடிச்ச பெறகு எச்.எம். டீச்சர்கிட்டக் கேட்டாவ: 'அந்த அஞ்சுல ரெண்ட எதுக்கும்மா அழிச்சிய?'

'தப்பு சார்.'

'தப்புத்தான். இன்னும் எத்தன நோட்டுல அந்தத் தப்பு இருக்கு?'

நோட்டையெல்லாம் வாங்கிப் புரட்டுனாவ. நாப்பத்திரெண்டு புள்ளையில முப்பத்தோரு பேரு அதையே எழுதி, மேல கோடு போட்டு, பக்கத்துல போர்டப் பாத்து ஆறுல அஞ்சுன்னு காப்பி அடிச்சி வச்சிருக்கு. மறுநாள் என்னக் கூப்பிட்டு, கடைக்குப் போயி முழுக் கடலைமிட்டாய்ப் பாளம் வாங்கிட்டு வாங்கன்னாவ. பீரியடு இல்லாத ரெண்டு வாத்தியாரக் கடைசி பெஞ்சுல ஒக்கார வச்சாவ. அன்னைக்கி டீச்சர் அஞ்சுல ரெண்ட அழிக்கல. போர்டுலயே விட்டுட்டு, மிட்டாய ஒடச்சிக் காட்டிக் கேட்டாவ: 'ஒங்கிட்ட அரைப் பாளம் இருக்கு. நான் மேக்கொண்டு ஒரு துண்டு தாரேன். கூட்டிப் பாத்தா அஞ்சுல ரெண்டு. அது அரையவிடக் கொறச்சலால்லா இருக்கு? மிச்சம் எங்க போச்சி?'

வகுப்பே முழிக்கி. பின்னாலேருந்து ஒரு பய, 'டீச்சர், எச்.எம். சார் தின்னுட்டாவ!'

எச்.எம். விழுந்து விழுந்து சிரிச்சாவ. ஆனா அந்த வகுப்புல அதுக்கப்புறம் ஒரு புள்ளயும் அஞ்சுல ரெண்டுன்னு எழுதல. கூட்டுனா எப்படிக் கொறயும்ங்கது மண்டையில ஏறிட்டு.

அந்த மனுசன் ஜப்பானப் பாத்ததில்ல. பேத்தி வாசிச்சப்பத்தான் எனக்கே தெரிஞ்சிது, அங்க இது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். ஜுக்யோ கென்க்யூன்னு பேரு. நாலஞ்சு வாத்தியாரு சேந்து ஒரே ஒரு பாடத்த வாரக்கணக்குல யோசிச்சித் தயார் பண்ணுவாவ. ஒருத்தர் நடத்துவாரு. மத்தவுக சுத்தி நின்னு பாப்பாவ. வாத்தியார இல்ல, புள்ளைகள. எந்தப் புள்ள எங்க தட்டுச்சின்னு குறிச்சி வச்சி, சாயங்காலம் பேசுவாவ. போர்டுல எழுதுனத அம்புட்டு லேசுல அழிக்கவும் மாட்டாவ. தப்பு விடையும் பீரியடு முடியிய வரைக்கும் அங்கனயே நிக்கும். நம்ம ஊர்ல அடுத்த வாத்தியாரு வகுப்புல போயி ஒக்காந்தா என்ன ஆவும்? 'என்ன வேவு பாக்க வந்திருக்கான்'னு சங்கத்துக்குப் போன் போவும். ஏழாவது எச்.எம்.முக்கும் அதான் ஆச்சி. பதினோரு மாசத்துல டிரான்ஸ்பர். அவுக போன அன்னைக்கிச் சாயங்காலம் நாற்காலிக்குப் புது டவல் வாங்கிப் போட்டோம்.

ஒனக்கு அதிகாரம் என்ன இருக்குன்னு கேப்ப. ஒண்ணும் கெடையாது, நல்லாக் கேட்டுக்க. வாத்தியாரத் தேர்ந்தெடுக்க முடியாது, மாத்த முடியாது. 2003 வாக்குல நாடு பூரா அரசு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லாமக் கொள்ளாம ஆளு போயிப் பாத்ததுல நாலுல ஒரு வாத்தியாரு எடத்துல இல்ல. தொடர்ந்து வராதவர வேலைய விட்டு நீக்குனேன்னு சொன்ன எச்.எம். எத்தன பேரு? கிட்டத்தட்ட 3,000 அரசுப் பள்ளிக்கூடத்துல ஒரே ஒருத்தரு. அவரு இப்ப எங்க இருக்காரோ!

ஒங்கையில இருக்கது ரெண்டே ரெண்டு: காலும் டைம்டேபிளும். ரெண்டாவது யோசனை: இந்த டைம்டேபிள்ல மட்டும் வெளையாடிராத மருமவனே. இருக்கதுலயே நல்ல கணக்கு வாத்தியாரப் பத்தாப்புக்குப் போடு. ஆறாப்புக்கு யாரு மிஞ்சுதாவளோ அவுக, மிஞ்சலன்னா பி.டி. வாத்தியாரு. அதான் சம்பிரதாயம். அஸ்திவாரத்துக்குச் சித்தாளு, மொட்டமாடிக்குக் கொத்தனாரு. ஷாங்காய்க்காரன் பண்ணுத மாதிரி ஒரே பாடத்து வாத்தியார்மாருக்கு ஒண்ணா உக்காந்து பாடம் பேச நேரம் ஒதுக்கித் தொலைக்காத. அங்க ஒரு கணக்கு வாத்தியாருக்கு நாளைக்கி ரெண்டு மூணு பீரியடுதான். மிச்ச நேரம் நோட்டுத் திருத்துததும், கூட்டாளிகளோட பாடத்தப் பேசுததுமாப் போவுது. ஒன் ஆளுகளுக்கு ரெண்டு மூணு பீரியடு குடுக்க ஒன்னால முடியாது, சரி. ஆனா ரெண்டு கணக்கு வாத்தியாருக்கு வாரத்துல ஒரு பீரியட ஒரே நேரத்துல காலியா விடதுக்கு யாரு உத்தரவு வேணும்? யாரு உத்தரவும் வேண்டாம். அதனாலதான் சொல்லுதேன், பண்ணிராத. எமிஸ் கம்ப்யூட்டர்ப் பதிவுல ஏத்த எடமில்லாத வேலைய எவன் செய்வான்?

பிரேசில்ல சொப்ராலுன்னு ஒரு ஊரு. நம்ம கரிசக்காடு மாதிரி மழை மறந்த சீமை, ஏழ ஜனம். 1919-ல முழுச் சூரிய கிரகணத்துக்கு வெள்ளக்காரன் தொலைநோக்கியத் தூக்கிட்டுப் போயி, ஐன்ஸ்டைன் சொன்னது சரிதான்னு படம் புடிச்சது அந்த ஊர்லயுந்தான். அப்பேர்ப்பட்ட ஊர்ல 2000 வாக்குல ரெண்டாப்பு முடிச்ச புள்ளைகள்ல பாதிக்குப் பக்கம் வாசிக்கத் தெரியல. எச்.எம். யாருன்னு அரசியல்காரன் சொல்லுவான். இவரு நம்ம ஆளு, அவரு அந்தக் கட்சின்னு. மேயரு அத நிறுத்துனாரு. எச்.எம். ஆவணும்னா பரீட்ச எழுதணும். வெளியேருந்து ஆளு வந்து ஒவ்வொரு புள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேக்கும். கேட்டத வச்சி வாத்தியாருக்கு மறுபடி பயிற்சி. சட்டுன்னு ஒண்ணும் நடந்துறல. 2005-ல நாட்டுப் பட்டியல்ல 1,366-வது எடம். 2017-ல மொத எடம். பன்னெண்டு வருஷம் மருமவனே. நமக்கு அதுக்குள்ள நாலு எச்.எம். ரிடையர்டு ஆயிருப்பாவ, நாலு பிரிவுபசார விழா, நாலு குத்துவிளக்கு.

எனக்கு அந்த ஊர்ல புடிச்சது கிரகணமும் இல்ல, மொத எடமும் இல்ல. புள்ளைய வாசிக்கச் சொல்லிக் கேட்டாவ பாரு, அது. முப்பத்திமூணு வருஷத்துல எங்க பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ ஜீப்பு வந்திருக்கு. கக்கூஸ் சாவி கேட்டிருக்காவ, ஸ்டாக் ரெஜிஸ்டர் கேட்டிருக்காவ, எளநீ கேட்டிருக்காவ. ஒரு புள்ளயக் கூப்பிட்டு, 'இதக் கொஞ்சம் வாசி தாயி'ன்னு கேட்டவுக ஒரு கை வெரல்ல அடங்கிருவாவ.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் மறந்துராத, சட்டப்படி முக்கா பங்கு பெத்தவுக இருக்கணும், பாதி பொம்பளையாளு. கூட்டம் போட்டா ஒங்க அத்தையையும் கூப்பிடு. அவ சும்மா இருக்கமாட்டா, எம் பேரன் ஏன் இன்னும் எழுத்துக்கூட்டுதான்னு கேப்பா. அதனால வழக்கம்போலத் தீர்மான நோட்ட வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்க. வடைச் செலவு மிச்சம்.

வார திங்கக்கெழம ஒம்பதுக்கு ராகுகாலம் முடியும், அதுக்குப் பெறகு சார்ஜ் எடு. மணிக்கட்டை ஆபீஸ் நெலைக்கு மேல இருக்கும், புதுப் பையனுக்குத் தெரியாது. நாற்காலிக்கி ஒரு கால் ஆடுது. சரி பண்ணச் சொல்லி நானும் யாருகிட்டயும் சொல்லல. ஆறாப்பு பி கெழக்கு ஜன்னலுக்குக் கம்பி மட்டுந்தான், கதவு எப்பவோ போயிட்டு. வெளிய நின்னா போர்டு முழுசாத் தெரியும். வேப்பமர நெழல் பதினோரு மணி வரைக்கும் அங்க இருக்கும்.